காசும் கொடுத்தாச்சு, சண்டையும் போட்டாச்சு! உங்களுக்குத் தெரியுமா?

செல்போனில் காசு கொடுத்து பாட்டு வாங்கியிருக்கிறீர்களா? படம்? புத்தகம்? கேம்? அப்படியானால் இந்த வாரம் முழுக்க உங்களுக்காகத்தான்! தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருக்கிறது. எதை விடுவது என்றுதான் தெரியவில்லை!

2009 ஜூலை. அமெரிக்காவில் கிண்டில் வைத்திருந்தவர்கள் கருவியைத் திறக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தைக் காணோம்! யாரும் திருடவில்லை. விற்ற அமேசானே தூரத்திலிருந்து அழித்துவிட்டது! அதைக் கடையில் ஏற்றியவருக்கு உரிமை இல்லையாம். பணம் திரும்பி வந்துவிட்டது. சரி, காணாமல் போனது எந்தப் புத்தகம் தெரியுமா? ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984'! பழைய பதிவுகளைச் சுவடே இல்லாமல் அழிக்கும் அரசாங்கத்தைப் பற்றிய அதே நாவல்!

கதை அங்கே முடியவில்லை. ஒரு பள்ளி மாணவர் அந்தப் புத்தகத்தில் பாடத்துக்காகக் குறிப்புகள் எடுத்து வைத்திருந்தார். புத்தகம் போனதும் எந்தக் குறிப்பு எந்த வரிக்கு என்றே தெரியவில்லை! வழக்குப் போட்டார். அமேசான் 1,50,000 டாலர் கொடுத்து சமாதானம் ஆனது. நிறுவனர் ஜெஃப் பெசோஸே, 'முட்டாள்தனமாக நடந்துகொண்டோம்' என்று பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார்!

மைக்ரோசாஃப்ட் ஒருபடி மேலே! 2019-இல் மின்புத்தகக் கடையையே இழுத்து மூடியது. வாங்கியவர்கள் அத்தனை பேரின் புத்தகங்களும் ஒட்டுமொத்தமாக மறைந்தன! விலையைத் திருப்பித் தந்தார்கள். ஓரத்தில் குறிப்பு எழுதி வைத்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர்!

2023 டிசம்பர். பிளேஸ்டேஷனில் வாங்கி வைத்திருக்கும் டிஸ்கவரி நிகழ்ச்சிகள் ஆண்டுக் கடைசியில் நீங்கிவிடும் என்று சோனி அறிவித்தது. எத்தனை? 1,300 சீசன்களுக்கும் மேல்! வாங்கியவர்கள் விட்டார்களா? இணையமே அதிரும்படி சண்டை! சில வாரங்களில் சோனி பின்வாங்கியது. இந்தச் சமாச்சாரம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் கத்தினால் நடக்கிறது!

கலிபோர்னியாவில் இதற்குச் சட்டமே வந்துவிட்டது! 2025 ஜனவரி 1 முதல், டிஜிட்டல் சரக்கை விற்கும் கடைகள் 'இது உங்களுக்குச் சொந்தமில்லை, பயன்படுத்த அனுமதி மட்டும்தான்' என்பதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும்!

999.99 டாலருக்கு ஒரு செயலி! பெயர்: 'ஐ ஆம் ரிச்'. திறந்தால் திரையில் ஒரு சிவப்புக் கல் மினுங்கும். அவ்வளவுதான். வேறு எந்த வேலையும் செய்யாது! 2008 ஆகஸ்டில் வந்தது. ஒரே நாளில் ஆப்பிள் தூக்கிவிட்டது. அதற்குள் எத்தனை பேர் வாங்கினார்கள்? 8 பேர்!

அதே 999 டாலருக்கு ஆப்பிளே ஒரு பொருள் விற்றது தெரியுமா? கம்ப்யூட்டர் திரையை நிறுத்தி வைக்கும் ஸ்டாண்ட்! திரை தனி, அதன் விலை தனி! 2019-இல் மேடையில் விலையைச் சொன்னதும் அரங்கமே முணுமுணுத்தது!

திரை துடைக்கும் துணி? 19 டாலர்! 2021-இல் வந்தபோது அதற்கும் வாரக்கணக்கில் காத்திருப்பு!

'ஐபோன்' என்ற பெயர் முதலில் ஆப்பிளுடையதே இல்லை! சிஸ்கோ நிறுவனம் ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்தது. 2007 ஜனவரி 9 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஐபோனைக் காட்டினார். மறுநாளே வழக்கு! பிப்ரவரியிலேயே சமாதானம்!

'ஐபேட்' பெயருக்கு சீனாவில் வேறொரு சொந்தக்காரர்! ப்ரோவியூ என்ற கம்பெனியின் தைவான் பிரிவிடமிருந்து 35,000 பவுண்டுக்கு ஆப்பிள் தரப்பு பெயரை வாங்கியது. சீனாவின் உரிமை அதில் சேராது என்று ப்ரோவியூ அடித்துச் சொன்னது. 2012-இல் ஆப்பிள் கட்டிய தொகை 6 கோடி டாலர்!

சரி, 'ஆப்பிள்' என்ற பெயராவது? அதற்கும் சண்டைதான்! பீட்டில்ஸ் இசைக்குழுவின் கம்பெனிக்கும் 'ஆப்பிள்' என்றே பெயர். 1978-இல் தொடங்கிய வழக்கு, விட்டு விட்டு 2007 வரை! ராசியான பிறகும் பீட்டில்ஸ் பாட்டு ஐடியூன்ஸுக்கு வர 2010 நவம்பர் ஆனது. வந்த முதல் வாரத்தில் விற்றவை 20 லட்சம் பாட்டுகளுக்கு மேல்!

இப்போது சொல்லப்போவதுதான் இந்த வாரத்தின் உச்சம். 2012, லண்டன். ஆப்பிள் பதிவு செய்து வைத்திருந்த டேப்லெட் வடிவத்தை சாம்சங் டேப்லெட் காப்பி அடித்ததா என்று வழக்கு. நீதிபதி காலின் பிர்ஸ் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். சாம்சங் காப்பி அடிக்கவில்லை என்று தீர்ப்பு சொன்னார். காரணம்? ஆப்பிள் வடிவத்தின் அளவுக்கு அது 'கூல்' ஆக இல்லையாம்! அழகில் குறைந்தது என்று சொல்லியே ஜெயிக்க வைத்தார்!

அத்தோடு விட்டாரா? 'சாம்சங் காப்பி அடிக்கவில்லை' என்று ஆப்பிளே தன் இணையதளத்திலும் பத்திரிகைகளிலும் அறிவிப்புப் போட வேண்டும் என்று உத்தரவு! ஆப்பிள் போட்டது. ஆனால் மற்ற நாடுகளில் தான் ஜெயித்த கதையையும் கூடவே சேர்த்துவிட்டது! மேல்முறையீட்டு நீதிபதிகளுக்கு வந்ததே கோபம். 48 மணி நேரத்தில் மாற்று என்றார்கள். ஆப்பிள் கேட்ட அவகாசம் 14 நாள்! ஒரு பத்தியை மாற்ற! கிடைக்கவில்லை. எழுத்து எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதையும் நீதிமன்றமே சொல்லிக்கொடுத்தது!

இன்டெலின் பென்டியம் சிப் ஏன் '586' ஆகவில்லை? முந்தைய சிப்பின் '386' என்ற எண்ணைத் தன் வணிகப் பெயராக்க இன்டெல் முயன்று 1991-இல் நீதிமன்றத்தில் தோற்றது. எண்ணுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது! அதனால்தான் எண்ணை விட்டுவிட்டுப் பெயர் வைக்க ஆள் பிடித்தார்கள்!

விண்டோஸ் 95 திறக்கும்போது வரும் சிறு இசை நினைவிருக்கிறதா? இசையமைத்தவர் பிரையன் ஈனோ. அந்தச் சில நொடிகளுக்காக அவர் போட்ட துணுக்குகள் 84! எந்தக் கம்ப்யூட்டரில் போட்டார்? ஆப்பிளின் மேக்கில்!

எண்ணுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை என்றேன் அல்லவா? 2007 மே 1-இல் ஓர் எண்ணுக்காக இணையத்தில் கலவரமே வெடித்தது! ஹெச்.டி. டிவிடி படங்களின் பூட்டைத் திறக்கும் ரகசிய எண் அது. எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 32 குறிகள். யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். 'எண்ணை நீக்கு' என்று வக்கீல் நோட்டீஸ் பறந்தது. 'டிக்' என்ற செய்தித் தளம் பயந்து நீக்கியது. வாசகர்கள் திரும்பப் போட்டார்கள். நீக்க நீக்கப் போட்டார்கள். அன்று மாலைக்குள் அந்தத் தளத்தில் எதைத் திறந்தாலும் அந்த எண்தான்!

சட்டையில் அச்சடித்தார்கள். கிடார் வாசித்துப் பாட்டாகவே பாடினார்கள்! கடைசியில் நிறுவனர் கெவின் ரோஸ் வாசகர்கள் பக்கம் சாய்ந்தார். தளமே மூழ்கினாலும் பரவாயில்லை, இனி நீக்க மாட்டோம் என்று தானே எழுதினார். தலைப்பில் என்ன இருந்தது? அதே 32 குறிகள்! ஹெச்.டி. டிவிடி-யும் நீடிக்கவில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ப்ளூ-ரேயிடம் தோற்று டோஷிபா கைவிட்டது!

தோற்ற பிறகும் விடாத கம்பெனி எது? சோனி! 1980-களிலேயே வி.ஹெச்.எஸ்.ஸிடம் மண்ணைக் கவ்விய பீட்டாமேக்ஸ் கேசட்டை அது விற்பதை நிறுத்தியது எப்போது? 2016 மார்ச்!

2000 மே. இணையத்தில் பாட்டுகளைப் பகிரும் நாப்ஸ்டரில் தங்கள் பாட்டை ஓசியில் இறக்கியவர்கள் பட்டியலைப் பெட்டி பெட்டியாக நாப்ஸ்டர் அலுவலக வாசலிலேயே கொண்டுபோய் இறக்கினார் மெட்டாலிகா இசைக்குழுவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிக். பட்டியலில் இருந்த பெயர்கள் 3 லட்சத்துக்கும் மேல்! ரசிகர்கள் கொதித்தார்கள். 2012-இல் அதே உல்ரிக், நாப்ஸ்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஷான் பார்க்கருடன் ஒரே மேடையில் நின்றார்! எதற்கு? மெட்டாலிகா பாட்டுகள் ஸ்பாட்டிஃபைக்கு வந்ததை அறிவிக்க!

ஸ்பாட்டிஃபை என்றதும் இன்னொன்று! 30 நொடி கேட்டால்தான் அங்கே கலைஞருக்குக் காசு. வுல்ஃப்பெக் என்ற அமெரிக்கக் குழு 2014-இல் ஓர் ஆல்பம் போட்டது. 10 பாட்டு. ஒவ்வொன்றும் 30 நொடிக்குச் சற்று மேல். உள்ளே ஒரு சத்தமும் கிடையாது! தூங்கும்போது ஓடவிடுங்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்கள். ஓடவிட்டார்கள். கிடைத்தது சுமார் 20,000 டாலர்! டிக்கெட் இல்லாத கச்சேரிகள் நடத்த அந்தக் காசு!

இலவசமாகக் கொடுத்தால் சண்டை வராது என்று நினைக்கிறீர்களா? 2014 செப்டம்பரில் யு2 குழுவின் புது ஆல்பத்தை 50 கோடி ஐடியூன்ஸ் கணக்குகளில் கேட்காமலே போட்டது ஆப்பிள். எங்கள் போனில் இது எப்படி வந்தது என்று ஒரே ரகளை! ஒரு வாரத்துக்குள், அந்த ஆல்பத்தை நீக்குவதற்கென்றே தனிப் பக்கம் திறக்க வேண்டியதாயிற்று!

மறு ஆண்டு ஜூன். ஆப்பிள் மியூசிக்கின் முதல் 3 மாத இலவசக் காலத்தில் கலைஞர்களுக்குக் காசில்லை என்று ஏற்பாடு. டெய்லர் ஸ்விஃப்ட் ஒரு கடிதம் எழுதினார். ஒரே ஒரு கடிதம்! அன்று இரவே ஆப்பிள் இறங்கிவந்தது!

நெட்ஃபிளிக்ஸ் 2011-இல் டிவிடி வாடகையைப் பிரித்து 'குவிக்ஸ்டர்' என்று புதுப் பெயர் சூட்டியது. அதற்கு முன்பே கட்டணம் 60 சதவீதம் ஏறியிருந்தது. வாடிக்கையாளர்கள் கொந்தளித்தார்கள். அந்தப் பெயரின் ஆயுள் 22 நாள்! அந்தக் காலாண்டில் போன சந்தாதாரர்கள் 8 லட்சம்!

அதே நெட்ஃபிளிக்ஸ் 2017-இல், பாஸ்வேர்டைப் பகிர்வதுதான் காதல் என்று ட்விட்டரில் எழுதியது. 2023-இல் பாஸ்வேர்டைப் பகிர்ந்தவர்களிடம் கூடுதல் கட்டணம் கேட்டது!

நம் ஊருக்கு வருவோம். 2015-இல் இணையத்தில் எல்லாத் தளத்துக்கும் ஒரே நியாயம் வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஆணையமான டிராய்க்குக் குவிந்த மின்னஞ்சல்கள் 10 லட்சத்துக்கும் மேல்! டிராய் என்ன செய்தது? அத்தனையையும், அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரியோடு அப்படியே வெளியிட்டுவிட்டது! ஆனால் மக்கள் ஜெயித்தார்கள். 2016 பிப்ரவரியில் பாரபட்சக் கட்டணத்துக்குத் தடை. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அபராதம்!

2013-இல் 'விஸ்வரூபம்' படத்தைத் தியேட்டருக்கு முன்பே டி.டி.எச்.சில் காட்ட கமல்ஹாசன் திட்டம் போட்டார். வீட்டிலிருந்தே பார்க்க 1,000 ரூபாய்! தியேட்டர்காரர்கள் கொடிபிடித்தார்கள். திட்டம் நடக்கவில்லை. காலத்தை முந்திய யோசனை அது, இன்றைக்கும் சொல்வேன்!

7 ஆண்டு கழித்து நடிகர் சூர்யாவின் நிறுவனம் தயாரித்த 'பொன்மகள் வந்தாள்' நேரே ஓ.டி.டி.க்கு வந்தபோது மறுபடி அதே சண்டை! சூர்யா நிறுவனத்தின் படங்களையே திரையிட மாட்டோம் என்றார்கள். அதே ஆண்டு அவரது 'சூரரைப் போற்று'வும் ஓ.டி.டி.யில்தான் வந்தது. வாங்கிய தேசிய விருதுகள் 5!

2008 டிசம்பர் 31. மைக்ரோசாஃப்டின் 30 ஜி.பி. சூன் பாட்டுப்பெட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உறைந்துபோயின! லீப் வருடத்தில் 366-ஆவது நாள் ஒன்று உண்டு என்பதை உள்ளே இருந்த புரோகிராம் சமாளிக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் சொன்ன வைத்தியம்? பேட்டரி தீரட்டும், நாளை வரை காத்திருங்கள்!

இணையத்தில் செய்திக்கு எவன் காசு கொடுப்பான் என்றார்கள். 2011-இல் நியூயார்க் டைம்ஸ் மாதம் 20 கட்டுரைக்கு மேல் படிக்கக் காசு கேட்டது. 2023-இல் அதன் சந்தாதாரர்கள் 1 கோடியைத் தாண்டினார்கள்!

காரில் சீட்டைச் சூடாக்கும் வசதிக்கு மாத வாடகை கேட்டது பி.எம்.டபிள்யூ! கருவி காருக்குள்ளேயே இருக்கிறது, பூட்டு மட்டும் கம்பெனியிடம்! 18 டாலர் மாதாமாதம்! எதிர்ப்பு தாங்காமல் 2023-இல் கைவிட்டது!

ஜூஸ் பிழிய 699 டாலருக்கு ஒரு இயந்திரம் வந்தது, பெயர் ஜூசெரோ. கம்பெனி விற்கும் பழப் பையை அதில் மாட்ட வேண்டும். 2017-இல் செய்தியாளர்கள் அந்தப் பையைக் கையாலேயே பிழிந்து காட்டினார்கள். அதே ஜூஸ்! அடுத்த 5 மாதத்தில் கம்பெனியே மூடிவிட்டது!

கடைசியாக, எல்லாச் சண்டைக்கும் தாத்தா! 2017 நவம்பர். 'ஸ்டார் வார்ஸ்' கேம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு டார்த் வேடர் பாத்திரம் பூட்டியே கிடைத்தது. திறக்க 40 மணி நேரம் விளையாட வேண்டும் என்று ரசிகர்கள் கணக்குப் போட்டார்கள். ரெடிட்டில் ஒருவர் நியாயம் கேட்டார். உழைத்துத் திறந்தால்தான் பெருமிதம் வரும் என்று கேமை வெளியிட்ட ஈ.ஏ. கம்பெனி பதில் எழுதியது. அந்த ஒரே பதிலுக்கு விழுந்த எதிர்ப்பு ஓட்டுகள் 6,60,000-ஐத் தாண்டின! பாத்திரத்தின் விலையை 75 சதவீதம் குறைத்தார்கள். அடங்கவில்லை. கேம் வெளியாவதற்கு முந்தைய நாள், உள்ளே காசு வாங்கும் வசதியையே நிறுத்தினார்கள்! ரெடிட் வரலாற்றிலேயே அதிக எதிர்ப்பு வாங்கிய பதில் என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறிவிட்டது!