மேய்ச்சல் நிலம் எங்கே?

குட்டீஸ், ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையில் பஸ்ஸில் போகும்போது, கம்பெனி மதில் ஓரமாக மாடுகள் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? இந்தப் பக்கமெல்லாம் முன்பு வயலும் மேய்ச்சல் நிலமும்தான். இருங்காட்டுக்கோட்டையில் 1998ல் ஹூண்டாய் கார் தயாரிக்கத் துவங்கியது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ - நிசான் தொழிற்சாலை வந்தது. பலருக்கு வேலை கிடைத்தது, சந்தோஷம்தான். ஆனால், மாடு எங்கே போய் மேயும்? ரோட்டோரக் குப்பையைக் கிளறி பிளாஸ்டிக் பையைத் தின்கிறது. அது வயிற்றில் செரிக்காமல் தங்கிவிடும். ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும். பாவம்!

சரி, தீவனத்தைக் கடையில் வாங்கிப் போடலாமே என்பீர்கள். பால் மாடு வளர்க்க ஆகும் செலவில், நூற்றுக்கு 60, 70 ரூபாய் தீவனத்துக்கே போய்விடும். எல்லாவற்றையும் வாங்கினால், பால் விற்ற காசு தீவனக் கடைக்காரருக்குத்தான்!

அதற்காகவே கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம், 2008ல், 'கோ-4' என்ற புல்லை வெளியிட்டது. கம்பையும் நேப்பியர் புல்லையும் ஒட்டுச் சேர்த்து உருவாக்கியது. கரணை நட்ட 75ம் நாள் அறுக்கலாம். பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. நல்ல தண்ணீரும் எருவும் இருந்தால், ஏக்கருக்கு ஆண்டுக்கு 150 டன் வரை கிடைக்கும். எங்கே, கணக்குப் போடுங்கள்... பத்து சென்ட் நிலத்தில் 15 டன். நாளுக்கு 41 கிலோ. ஒரு கறவை மாட்டுக்கு 25 கிலோ பசும்புல் போதுமே!

புல் மட்டும் போதாது. நாம் சோற்றோடு பருப்பு சேர்த்துக் கொள்கிறோம் அல்லவா? அதுபோல, மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால் அல்லது அகத்தித் தழை கலந்து போட வேண்டும்.

அடுத்தது சாணம். மூன்று மாடுகள் இருந்தால் ஒரு நாளில் ஏறக்குறைய 50 கிலோ சேரும். இரண்டு கன மீட்டர் சாண எரிவாயுக் கலனுக்கு இதுவே போதும். ஒரு சிறு குடும்பம் சமைத்துவிடலாம். சாணத்திலிருந்து வரும் மீத்தேன், கார்பன் டை ஆக்சைடைவிடப் பல மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு. காற்றில் கலக்க விடாமல் அடுப்பில் எரித்துவிட்டால் நல்லதுதானே! (மாடு விடும் ஏப்பத்திலும் மீத்தேன் உண்டு, அதைப் பிடிக்க முடியாது!) மிஞ்சும் கரைசலை வீணாக்காமல் புல்லுக்கே பாய்ச்சலாம். உரச் செலவு குறையும்.

உங்கள் வீட்டில் மாடு இருக்கிறதா? பொத்தேரி அருகே காட்டுப்பாக்கத்தில், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே விவசாயிகளுக்குப் பயிற்சி தருகிறார்கள். புல் கரணை பற்றி அங்கே விசாரிக்கச் சொல்லி, இன்று ராத்திரியே அப்பாவிடம் பேசுங்கள்.