வீடு இரண்டானால் உடல் என்ன செய்யும்?

மாணவர்களே, இரவு மணி பத்து. மேசையில் கணிதப் பயிற்சி. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவும் அப்பாவும் குரலை உயர்த்துகிறார்கள். உங்கள் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ஒரே கேள்வியை மூன்று முறை படித்தும் மண்டையில் ஏறவில்லை. ஏன்?

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி ஆபத்து என்று தகவல் கொடுக்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் உடனே அட்ரினலினையும், சற்று நேரத்தில் கார்ட்டிசோலையும் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. இரத்தத்தில் குளுக்கோஸ் கூடுகிறது. நியாலாஸ் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டத்தில் பாம்பைக் கண்டு ஓடுவதற்கு இந்த ஏற்பாடு உதவும். பாம்பு மறைந்ததும் உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ஆனால், வீட்டுச் சண்டை மாதக்கணக்கில் நீண்டால் உடல் ஓயாமல் காவல் நிற்கிறது. தூக்கம் கெடுகிறது. நினைவாற்றலுக்கு உதவும் ஹிப்போகேம்பஸ் பகுதி, நீடித்த கார்ட்டிசோலால் எளிதில் பாதிக்கப்படக்கூடியது. இப்படிப்பட்ட மாணவர் வகுப்பில் கவனம் சிதறினால், அதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது.

அப்படியென்றால், பெற்றோர் விவாகரத்து செய்தால் பிள்ளையின் எதிர்காலம் அவ்வளவுதானா? அமெரிக்க உளவியலாளர் மேவிஸ் ஹெத்தரிங்டன் ஏறக்குறைய 1,400 குடும்பங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 2002-இல் ஒரு நூல் வெளியிட்டார். பெற்றோர் பிரிந்த பிள்ளைகளில் சுமார் 25 விழுக்காட்டினருக்குக் கடுமையான சிக்கல்கள் இருந்தன. பிரியாத குடும்பங்களில் அது சுமார் 10 விழுக்காடு. ஆபத்து கூடுகிறது என்பது உண்மை. ஆனாலும், நால்வரில் மூவர் நன்றாகவே வளர்ந்தார்கள் என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. பிரிந்த பிறகும் பெற்றோர் சண்டையைத் தொடர்கிறார்களா, பிள்ளையை நடுவில் இழுக்கிறார்களா என்பதுதான் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது.

நமது சட்டமும் இதைக் கவனிக்கிறது. முஸ்லிம் அல்லாதோருக்கான 1976-ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 88-ஆவது பிரிவு, பராமரிப்பு உரிமையை முடிவு செய்யும்போது பிள்ளையின் நலனையே முதன்மையாகக் கருதச் சொல்கிறது. 7 வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பது நல்லது என்ற அனுமானம் அதில் உண்டு. தக்க காரணம் இருந்தால் அதை மறுக்கலாம். அடிக்கடி இடம் மாற்றிப் பிள்ளையின் வாழ்க்கையைக் குலைப்பது நல்லதல்ல என்றும் அது நினைவூட்டுகிறது. சொந்தமாகக் கருத்துச் சொல்லும் வயது வந்திருந்தால், பிள்ளையின் விருப்பமும் கேட்கப்படும்.

நமக்கு அருகிலுள்ள சிரம்பானில் தொடங்கிய எஸ். தீபா வழக்கைப் பாருங்கள். கணவர் இஸ்லாத்தைத் தழுவியபின், ஷரியா நீதிமன்றம் இரு பிள்ளைகளையும் அவரிடம் ஒப்படைத்தது. 2014 ஏப்ரலில் சிரம்பான் உயர் நீதிமன்றமோ இருவரையும் தாயிடம் ஒப்படைத்தது. இரண்டே நாளில் தந்தை மகனைக் கொண்டுபோய்விட்டார். வழக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை சென்றது. சிவில் சட்டப்படி நடந்த திருமணம் என்பதால் சிவில் நீதிமன்றத்துக்கே அதிகாரம் என்று 2016 பிப்ரவரி 10-ஆம் நாள் தீர்ப்பானது. நீதிபதிகள் பிள்ளைகளிடம் நேரில் பேசிய பிறகு, மகளைத் தாயிடமும் மகனைத் தந்தையிடமும் விட்டார்கள். அக்காளும் தம்பியும் வெவ்வேறு வீட்டில்! சட்டம் வழி காட்டலாம். பெரியவர்கள் இழுத்த இழுப்பில் உண்டான இடைவெளியைத் தீர்ப்பால் மூட முடியாது.

இதில் உங்களுக்கு ஒரு செய்தி உண்டு. உங்கள் விருப்பத்தைக் கேட்பார்கள்; ஆனால், முடிவெடுக்கும் பொறுப்பு நீதிபதியுடையது. "அம்மாவா, அப்பாவா?" என்று யாராவது நெருக்கினால், "எனக்கு இரண்டு பேரும் வேண்டும்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகும் தூதராக இருக்காதீர்கள். "நீங்களே பேசிக்கொள்ளுங்கள்" என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

இரண்டு வீடு என்றாகிவிட்டால், தூங்கும் நேரத்தை இரண்டு வீட்டிலும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாள் எங்கே என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்தால் மனப்பதற்றம் குறையும். படிப்புச் செலவைப் பற்றிக் கவலைப்படுகிறீர்களா? 2018 டிசம்பரில் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, 18 வயதுக்குப் பிறகு மேற்கல்வி தொடர்ந்தால், அது முடியும்வரை பராமரிப்புத் தொகை கோர இடமுண்டு.

நம்பிக்கையான ஒரு பெரியவரின் துணை, பிள்ளையின் மன அழுத்தத்தைத் தணிக்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அவர் பாட்டியாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம், பள்ளியின் ஆலோசக ஆசிரியராகவும் இருக்கலாம். வீட்டில் அடிதடி என்றால் காத்திருக்காதீர்கள். 15999 எண்ணுக்கு 24 மணி நேரமும் அழைக்கலாம்.

உங்கள் வீட்டில் இந்தப் பிரச்சினை இல்லையா? நல்லது. வகுப்பில் திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்ட நண்பரை ஓய்வு நேரத்தில் சாப்பிடக் கூப்பிடுங்கள். காரணம் கேட்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும்.