வரி கொழும்புக்கு, வாத்தியார் ரவுனுக்கு

சீனன்குடாவில் பிறிமா மாவாலை இருக்கிறது. டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையும் அந்தப் பக்கம்தான். திருகோணமலைத் துறைமுகத்தை நம்பி வந்த இவ்விரண்டும் கட்டுகிற வருமான வரி எவ்வளவானாலும், பக்கத்துப் பாடசாலைக்கென்று அதில் ஒரு சதம்கூடத் தனியாக வராது. எல்லாம் கொழும்புத் திறைசேரிக்கே. அமெரிக்காவிலென்றால் கதை வேறு. அங்கே பல மாநிலங்களில் ஊரின் காணி, கட்டட வரிதான் பாடசாலையின் பெரிய வருமானம். ஆலையுள்ள ஊரின் பிள்ளைக்கு வசதியான பாடசாலை, அடுத்த ஊரின் பிள்ளைக்கு இல்லாத குறை.

நாங்கள் அந்த வழியில் போகாதது நல்லதுதான். 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியின் கணக்கு எளிது: நாடே வரி கட்டும், நாடே படிக்கும். ஆனாலும் வெருகலில் படிக்கும் பிள்ளைக்கும் திருகோணமலை நகரில் படிக்கும் பிள்ளைக்கும் அரசு ஒரே அளவாகச் செலவழிக்கிறது என்று யாராவது சத்தியம் செய்வார்களா?

பாடசாலைக்கு வருகிற அரச பணத்தில் பெரும்பங்கு காசாக வருவதில்லை, ஆசிரியராக வருகிறது. அனுபவமுள்ள பட்டதாரி ஆசிரியரின் சம்பளம் பெரிது, புதிதாக வந்தவரின் சம்பளம் சிறிது, வெற்றிடத்துக்குச் சம்பளமே இல்லை. வெருகல் பக்கத்து ஈச்சிலம்பற்றிலிருந்து ஒரு கணித ஆசிரியர் இடமாற்றம் வாங்கி நகருக்குப் போனால், அவர் சம்பளமும் அவரோடு போய்விடுகிறது. ஈச்சிலம்பற்றுக்கு ஒதுக்கிய வரிப்பணம் நகருக்கு மாற்றப்பட்டது என்று எந்த வரவுசெலவு அறிக்கையும் எழுதாது. அந்த ஆசிரியரைக் குறை சொல்வதில் பயனில்லை; அவருக்கும் பிள்ளைகள் உண்டு. கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு போதாது என்பது ஆசிரியர் சங்கங்களின் பழைய முறைப்பாடு.

இதற்கு மேல் தேசியப் பாடசாலை, மாகாணப் பாடசாலை என்ற பிரிவு. நாட்டின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரச பாடசாலைகளில் தேசியப் பாடசாலைகள் சுமார் 400. இவை நேரே கல்வி அமைச்சின் கீழ்; மற்றவை மாகாண சபையின் கீழ். நகரிலுள்ள இந்துக் கல்லூரியும் சண்முகா இந்து மகளிர் கல்லூரியும் இந்த வகை. பெயர்பெற்ற பாடசாலைகளுக்குப் பழைய மாணவர் சங்கம் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும். கேட்டால் கட்டடம் வரும். 2006இல் இடம்பெயர்ந்து 2015இல்தான் ஊர் திரும்பத் தொடங்கிய சம்பூர் போன்ற ஊர்களின் பாடசாலைகள் யாரிடம் கேட்கும்? பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் அறவிடும் காசுகூட, தகப்பனுக்குக் கடலில் மீன்பட்டால்தான்.

பாடசாலைக்குப் போய்ச் சேர்வதற்கும் செலவு உண்டு. கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியுமுன், 2021 நவம்பர் 23 அன்று இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் இறந்தார்கள். அந்தச் செலவு கல்வி வரவுசெலவில் வராது.

வரி கட்டுவதில் மட்டும் சமத்துவம் குறைவில்லாமல் நடக்கிறது. அரசின் வரி வருமானத்தில் பெரும்பகுதி மறைமுக வரி. 2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதம். சவர்க்காரம் வாங்கும்போதும் போனுக்கு றீலோட் போடும்போதும் மூதூர்க் கூலிக்காரி கட்டுவது, கொழும்பு முதலாளி கட்டும் அதே வீதம்தான். அதற்குப் பிறகு, பாடசாலையில் இல்லாத கணித ஆசிரியருக்காக அவளே ரியூசன் காசும் கட்டுகிறாள். ஒரே பாடத்துக்கு இரண்டு தடவை.

கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் வேண்டும் என்று கோஷம் எழுப்புகிறோம். கிடைப்பது அதன் பாதியைக்கூட எட்டுவதில்லை. கோஷம் நியாயமானது. ஆனால் பணம் கூடினாலும் அது ஆசிரியர் போகும் பாதையிலேயே போகும். ஆகவே அதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஒவ்வொரு பாடசாலையிலும் ஆண்டுக்குச் செலவான ஆசிரியர் சம்பளத்தைப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்து, வலயக் கல்விப் பணிமனை வாசலில் ஒட்டட்டும். சம்பளப் பட்டியல் அவர்கள் கையில்தானே இருக்கிறது.

அதைக் கேட்டு வாங்கவேண்டிய கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை. மாகாணப் பாடசாலைகளின் பணத்தைப் பற்றிக் கேள்வி கேட்க, வாக்களித்து அனுப்பிய உறுப்பினர் ஒருவர்கூட மாகாண சபையில் இல்லை.