பெயர் நிலைக்கும், இலக்கம் மாறும்

நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் டெல்ஃப்ட் என்று பெயரிட்டனர். வேலணைத்தீவு லைடன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பர்க் ஆயிற்று. பெயர்கள் மாறினவேயன்றித் தீவுகள் இடம்விட்டு அசையவில்லை. கணினி உலகில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. அங்கே பெயர் நிலைத்திருக்க, இருப்பிடம் மாறுகிறது.

நெடுந்தீவு மாணவி ஒருத்தி, பரீட்சைப் பெறுபேற்றை அறியும் பொருட்டுக் கைத்தொலைபேசியில் ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டுகிறாள் எனக் கொள்வோம். கணினிகளுக்கு வேண்டுவது பெயரன்று, இலக்கமே. ஆதலால், பெயரைக் கேட்டு இலக்கத்தைச் சொல்லும் பதிவேட்டுக் கணினி ஒன்று முதலில் வினவப்படுகிறது. அதுவே பெயர் வழங்கி. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் விஞ்ஞான நிறுவகத்திலே, போல் மொக்கபெட்ரிஸ் என்பார் 1983 இல் இம்முறையை வகுத்தார். அதற்கு முன்னர் எல்லாப் பெயர்களும் ஒரே பட்டியலில் எழுதப்பட்டு, அவரவரால் பிரதிசெய்யப்பட்டு வந்தன.

பெயர் வழங்கியும் முதுமை எய்தும். அதன் பணியைப் புதிய கணினிக்கு மாற்றும்போது இடர் எங்கே விளைகிறது? பதிவேட்டைப் பிரதிசெய்வதில் அன்று, அது எளிது. இடர் பிறருடைய ஞாபகத்திலே இருக்கிறது. ஒருமுறை பெற்ற விடையை இடைவழிக் கணினிகள் குறித்த காலம்வரை வைத்திருந்து, அடுத்து வினவுவோர்க்கும் அதனையே சொல்கின்றன. அக்காலம் பல இடங்களில் 86,400 விநாடி, அதாவது ஒரு நாள். ஊர்காவற்றுறையில் ஒருவர் நேற்றறிந்த படகு நேரத்தை இன்று பத்துப் பேருக்குச் சொல்கிறார். குறிகட்டுவானிலோ நேரம் மாறிவிட்டது. பத்துப் பேரும் நயினாதீவுப் படகைத் தவறவிடுவர் அன்றோ!

தொழில் அறிந்தோர் அந்த 86,400 விநாடியை 300 ஆகக் குறைத்துவிடுவர். மாற்றத்துக்குச் சில நாள் முன்னரே இது செய்யப்பட வேண்டும். அன்று காலையிலே குறைப்பதில் பயனில்லை. நேற்று வினவியவரிடம் நேற்றைய தவணையே இருக்கும். பின்னர்ப் பழைய வழங்கியும் புதியதும் சிலகாலம் ஒரே விடையைச் சொல்லி நிற்கும்.

இணையத்தின் மூலப் பதிவேட்டை வழங்கும் பெயர்கள் 13. ‘இலங்கை’ என்னும் தமிழ்ப் பெயரும் 2010 முதல் அப்பதிவேட்டில் உண்டு. அப்பதின்மூன்றனுள் ‘பி’ என்பதை மேற்சொன்ன நிறுவகமே நடத்துகிறது. 2023 நவம்பர் 27 அன்று அதன் இலக்கம் 199.9.14.201 இலிருந்து 170.247.170.2 ஆக மாறியது. பழைய இலக்கத்திலும் குறைந்தது ஓராண்டு விடை தரப்படும் என அறிவிக்கப்பட்டது. இத்துணைப் பொறுமை எதற்கு என நேயர்கள் வியக்கலாம். மூல வழங்கிகளின் இலக்கங்கள் பெயர் தேடும் மென்பொருளோடு வரும் கோப்பிலேயே எழுதப்பட்டுள்ளன. அக்கோப்பைப் புதுப்பிக்க மறப்போர் உலகெங்கும் உளர்.

பாடசாலைக் கணினி அறையில் வேறொரு வழங்கி உண்டு. அது ஒவ்வொரு கணினிக்கும் ஓர் இலக்கத்தைத் தவணைக்கு இரவல் கொடுக்கும். அங்கே விதி தலைகீழ். பழையதும் புதியதும் ஒருங்கே நின்றால், ஒரே இலக்கம் இரு கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்து, இரண்டும் தடுமாறும். ஆதலால் பழையதை நிறுத்தி, இரவற் கணக்கைப் புதியதற்கு மாற்றிய பின்னரே அதனை இயக்குவர். கணக்கை மாற்ற இயலாவிடின், புதியதற்கு வேறோர் இலக்க வரிசையை ஒதுக்கிவிடுவர்.