காமதேனு வாகனமும் கிரேக்க ஸ்பிங்ஸும்

கிரேக்கர் தம் புராணக் கதைகளில் ஸ்பிங்ஸ் என்னும் விந்தைப் பிராணியைப் படைத்தனர். அதற்குப் பெண்ணின் முகம், சிங்கத்தின் உடல், பறவையின் சிறகு. தீப்ஸ் நகரத்து வழியில் இருந்து, வருவோரிடம் விடுகதை கேட்டு, விடை கூறமாட்டாதாரை அது கொன்றது என்பது கதை. நக்சோஸ் தீவினர் கி.மு. 560 அளவில் அவ்வுருவைச் சலவைக்கல்லிற் செதுக்கி, டெல்ஃபியில் உயர்ந்த தூணொன்றின்மீது நிறுத்தினர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கோயில்களிலும் இதற்கு உறவான வடிவம் ஒன்று உண்டு. அதுவே காமதேனு வாகனம். பெண்முகம், பசுவின் உடல், சிறகு, மயிற்றோகை ஆகியன அதில் ஒன்றுகூடுகின்றன. ஸ்பிங்ஸ் உயிரைக் கவர்வது. காமதேனுவோ கேட்டதைக் கொடுப்பது. ஆதலின் சிற்பாசாரியார் அதன் முகத்தில் அச்சத்தையன்று, அருளையே வரவழைத்தல் வேண்டும். மனிதக் கழுத்தும் பசுவின் தோளும் இணையுமிடம் அவர் கைத்திறனுக்குச் சோதனை. ஆரங்களும் மணிகளும் அவ்விணைப்பை இயல்பாக்குகின்றன.

டெல்ஃபிச் சிற்பம் ஓரிடத்தில் நிற்பதற்கென்றே செய்யப்பட்டது. வாகனமோ திருவிழாவில் மூர்த்தியைத் தாங்கி, அடியார் தோள்மீது வீதிவலம் வருவது. எனவேதான் அது கல்லினால் அன்றி மரத்தினால் அமைகின்றது. வண்ணம் மங்குந்தோறும் புதுக்கப்படுகின்றது.

1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் போரினால் இடம்பெயர்ந்தபோது அங்குள்ள கோயில்கள் பலவற்றில் திருவிழாக்கள் தடைப்பட்டன. சுமப்பார் இல்லாவிடத்து வாகனத்திற்கு வேலையில்லை. புதுக்குவார் இல்லாவிடத்து அதற்கு ஆயுளும் இல்லை. ஊர் மீளக் குடியேறினாலன்றி இக்கலையும் மீளாது.