வள்ளத்தில் துளை போடுமுன்

ஆழம் காட்டும் கருவிக்கு எத்தனை வாட்ஸ் வலு வேண்டும் என்ற கணக்கைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள், தம்பி. தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒன்று கேட்கிறேன். உங்கள் வள்ளம் ஓடப்போவது எந்தத் தண்ணீரில்? விக்டோரியா நீர்த்தேக்கத்தில், அதுவும் தெல்தெனியப் பக்கத்தில் என்றால், கடல் வள்ளக்காரருக்குக் கடையில் எடுத்துக் காட்டும் சாமான்களில் பாதி உங்களுக்கு வேண்டியதில்லை. மீதிப் பாதியில் எது சரி என்பதைத் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் நிலமும் உங்கள் வள்ளத்தின் அடித்தட்டும் சேர்ந்துதான் முடிவு செய்யும். வாட்ஸ் அதற்குப் பிறகுதான்.

நிலத்தை முதலில் பார்ப்போம். ஜே.ஆர். ஜயவர்த்தன காலத்தில் பிரித்தானிய உதவியோடு கட்டிய அணை இது. 1985 ஏப்ரலில் திறப்பு விழாவுக்குப் பிரித்தானியப் பிரதமர் மார்கரட் தாட்சரே வந்தார். உயரம் 122 மீற்றர், வளைந்து போகும் நீளம் 520 மீற்றர். மகாவலியை அது மறித்தபோது ஹுலு கங்கையின் பள்ளத்தாக்கும் சேர்ந்து நிரம்பியது. பழைய தெல்தெனிய பட்டணம் உள்ளே போய்விட்டது. நாம் இப்போது உட்கார்ந்திருப்பது மேட்டில் புதிதாக எழுப்பிய பட்டணம். கடும் வரட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய சுவர்கள் தலை காட்டும், சனம் திரண்டு போய்ப் பார்க்கும். ஆகவே நம் வள்ளத்துக்குக் கீழே இருப்பது குளத்துச் சேற்றுத் தரை அல்ல. மலைச்சரிவு, ஆற்றின் பழைய பள்ளம், அத்திவாரங்கள், தெரு எல்லாம் கிடக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

இனிக் கருவி. அதிலிருந்து தண்ணீருக்குள் ஒலியை விடும் பகுதிதான் டிரான்ஸ்டியூசர்; அதற்குள் இருப்பது ஒரு பீங்கான் வில்லை. மின்சாரம் கொடுத்தால் அது அதிரும்; அதிர்வு வந்து மோதினால் மின்சாரம் தரும். இதில் இரண்டாவது குணத்தைப் படிகங்களில் 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டார்கள். எதிரொலியால் மீன் தேடும் கருவியை 1948இல் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள் ஜப்பானின் ஃபுருனோ சகோதரர்கள். வில்லை ஒரு சத்தத்தை அனுப்பிவிட்டு, எதிரொலி வரும்வரை காத்திருக்கும். 25 பாகை சூடுள்ள நன்னீரில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1497 மீற்றர் ஓடும். 40 மீற்றர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப 53 மில்லிசெக்கன். கருவி அளப்பது இந்த நேரத்தைத்தான். ஆழம் என்று திரையில் வருவது அதிலிருந்து அது போடும் கணக்கு.

இனி அதிர்வெண். பெட்டியில் 50, 200 என்று இரண்டு கிலோஹேர்ட்ஸ் எண்கள் அச்சிட்டிருக்கும். 50 ஆழம் போகும், 200 போகாது என்று எல்லோரும் சொல்வார்கள். கடலில் அது சரி. கடல்நீரில் கரைந்திருக்கும் மக்னீசியம் சல்பேற்று 200 கிலோஹேர்ட்ஸ் ஒலியை வழியிலேயே விழுங்கிவிடும். மகாவலித் தண்ணீரில் அந்த உப்பு இல்லாததால் விழுங்கல் பல மடங்கு குறைவு. அணை அடியில் எவ்வளவு ஆழம் இருந்தாலும் அது 122 மீற்றரைத் தாண்டப்போவதில்லை. நல்ல 200 கிலோஹேர்ட்ஸ் டிரான்ஸ்டியூசர் அங்கேயும் தரையைக் காட்டிவிடும். தெல்தெனியப் பக்கத்தில் ஆழம் அவ்வளவும் இல்லை. வாட்ஸுக்கு அள்ளிக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அதிர்வெண்ணைவிடக் கற்றையின் அகலத்தைத்தான் நான் பெரிதாகப் பார்ப்பேன். டிரான்ஸ்டியூசர் ஒலியை டோர்ச் வெளிச்சம் போலக் கூம்பாகக் கீழே விடுகிறது. கூம்பு 45 பாகை என்றால் 40 மீற்றர் ஆழத்தில் தரையில் விழும் வட்டத்தின் குறுக்களவு 33 மீற்றர். 12 பாகை என்றால் எட்டரை மீற்றருக்கும் குறைவு. மீன் தேடுகிறவருக்கு அகலம் வசதி. தரையைப் பார்க்கிறவருக்கு அது தொல்லை. வட்டத்துக்குள் எந்த இடம் மிகக் கிட்டவோ அங்கிருந்து வரும் எதிரொலிதான் முதலில் கருவிக்கு வந்து சேரும். அதையே தரை என்று கருவி எழுதிவிடும்.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். வள்ளத்துக்கு நேர்கீழே ஆழம் 40 மீற்றர், தரை 20 பாகை சரிவு. நம் மலைப் பக்கத்தில் இது பெரிய சரிவே அல்ல. 45 பாகைக் கூம்பு மேட்டுப் பக்கத்தைத் தொட்டுவிட்டு 37.6 மீற்றர் என்று சொல்லும். 12 பாகைக் கூம்பு 38.7 என்று சொல்லும். இரண்டும் குறைத்துத்தான் சொல்கின்றன, ஆனால் ஒன்றின் பிழை மற்றதைவிட ஏறக்குறைய இரு மடங்கு. ஹுலு கங்கையின் பழைய பள்ளம் ஒடுக்கமாக இருக்கும் இடத்தில் அகலக் கூம்பு இரு கரைகளிலும் பட்டுத் திரும்பிவிடும். பள்ளமே இல்லாத மாதிரி ஒரு கோடு போகும். சுவர் ஓரமும் அப்படித்தான் மழுங்கிப் போகும்.

இந்த இரண்டு மீற்றர் பிழை பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். மீனுக்கு இல்லை. மண்ணுக்கு ஆம். மேல் மகாவலிச் சரிவுகளில் பராமரிப்பில்லாத தேயிலைக் காணிகளிலிருந்தும், புகையிலையும் மரக்கறியும் போடும் காணிகளிலிருந்தும் மண் கழுவுண்டு வருகிறது. 1976இல் கட்டிமுடித்த பொல்கொல்லை அணைக்கட்டு இந்த வண்டலால் பட்ட பாடு தெரிந்ததுதான். நீர்த்தேக்கத்தில் எவ்வளவு மண் படிந்தது என்று அறிய வள்ளத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடி ஆழம் அளந்து, பழைய படத்தோடு ஒப்பிடுவார்கள். சரிவில் கருவி இரண்டு மீற்றர் குறைத்துச் சொன்னால், வராத மண்ணை வந்ததாகக் கணக்கு எழுத வேண்டியதுதான். உங்களுக்கு அந்த மாதிரி வேலை என்றால் மட்டும் இரட்டை அதிர்வெண் கேளுங்கள். உயர்ந்த ஒலி புதுச் சேற்றின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும். தாழ்ந்த ஒலி மெல்லிய சேற்றுக்குள் இறங்கி, இறுகிய தரையில் பட்டு வரும். சேறு எவ்வளவு தடிப்பு என்று அந்த இடைவெளி ஓரளவு காட்டும்.

பழைய கட்டடங்களைப் பார்க்கத்தான் ஆசை என்றால் வழி வேறு. 455, 800 கிலோஹேர்ட்ஸில் பக்கவாட்டாகவும் கீழாகவும் படம் காட்டும் வகை வேண்டும். 800இல் ஒலியலையின் நீளம் இரண்டு மில்லிமீற்றருக்கும் குறைவு. சுவரும் சுவரின் நிழலும் பிரிந்து தெரியும்.

இப்போது வள்ளத்துக்கு வருவோம். மூன்று விதமாகப் பொருத்தலாம்: பின்பலகையில் வெளியே தொங்கவிடலாம், அடித்தட்டின் உட்பக்கம் ஒட்டலாம், அடியில் துளைத்து இறக்கலாம். சின்ன வள்ளத்தில் அவுட்போர்ட் மோட்டாரோடு மெதுவாகப் போகிறவருக்குப் பின்பலகையே போதும். கழற்றவும் எளிது. அதில் அடித்தட்டைத் துளைக்கும் பேச்சே எழாது, ஆகவே மற்ற இரண்டையும் பார்ப்போம்.

உட்பக்கம் ஒட்டுவதற்கு ஒரு நிபந்தனை: அடித்தட்டு முழுக்கக் கெட்டியான பைபராக இருக்க வேண்டும். நடுவில் நுரையோ இலேசான மரமோ வைத்து இரு பக்கமும் பைபர் போட்டிருந்தால் ஒலி அங்கேயே செத்துவிடும். மரத்தாலோ உலோகத்தாலோ ஆன வள்ளத்துக்கும் இந்த வழி ஒத்துவராது. ஒட்டுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். வள்ளத்தைத் தண்ணீரில் விட்டு, ஒரு பொலித்தீன் பையில் தண்ணீர் நிரப்பி, டிரான்ஸ்டியூசரை அதற்குள் இறக்கி, பையை அடித்தட்டில் ஈரம் படர வையுங்கள். தரை தெளிவாகத் தெரிகிறதா? இடத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். நல்ல இடம் கிடைத்த பிறகு எப்பொக்சி போடலாம், உள்ளே ஒரு காற்றுக் குமிழும் விடாமல். காற்றுதான் இந்த வேலையின் முதல் எதிரி. தண்ணீரிலிருந்து காற்றில் படும் ஒலியில் கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிவிடும். இப்படி ஒட்டினால் கொஞ்ச ஒலி பைபரில் போகும், தண்ணீரின் சூட்டை அளக்க முடியாது, 800இல் படம் பார்ப்பது அநேகமாக நடக்காது. இவ்வளவும் பரவாயில்லை என்பவருக்கு இது நல்ல வழி. என்னைக் கேட்டால், மீனும் ஆழமும் மட்டும் பார்க்கிறவர் இங்கே இதற்கு மேல் போகத் தேவையில்லை.

துளைக்கத்தான் வேண்டும் என்றால் வள்ளத்தைக் கரையேற்றி அடிச்சரிவை அளந்துகொள்ளுங்கள். ஏராவிலிருந்து ஓரத்துக்கு அடித்தட்டு எத்தனை பாகை ஏறுகிறது? ஏழு வரை என்றால் சாதாரண வில்லை போதும். 8 முதல் 15 வரை 12 பாகை சாய்த்துப் பொருத்திய வகை, 16 முதல் 24 வரை 20 பாகை வகை. சாய்வு தவறினால் கூம்பு நேரே கீழே போகாது, ஒடுக்கமான கற்றைக்கு நீங்கள் கொடுத்த பணம் வீண். சாய்த்த வகை கிடைக்காவிட்டால் சரிவுக்கு ஏற்ப அறுத்த கட்டை வைத்துச் சமப்படுத்தலாம்.

டிரான்ஸ்டியூசரின் கூடு எந்தப் பொருள் என்பதையும் பாருங்கள். மர வள்ளத்துக்குப் பிளாஸ்டிக் வேண்டாம். மரம் ஊதும்போது நெருக்கி உடைத்துவிடும், வெண்கலம் வாங்குங்கள். அலுமினிய வள்ளத்தில் வெண்கலம் வைத்தால் அலுமினியம் அரிக்கும். பைபருக்குப் பிளாஸ்டிக், வெண்கலம் இரண்டும் ஆகும்.

இடம்: புரொப்பெல்லருக்கு முன்னால், குமிழி ஓடாத, எப்போதும் நனைந்திருக்கும் பகுதி. அடித்தட்டின் வரிப் பட்டைகளுக்கும் தண்ணீர் உள்ளே வரும் வாய்களுக்கும் நேர்ப்பின்னால் வைக்கக் கூடாது. வலஞ்சுழியாகச் சுற்றும் ஒற்றைப் புரொப்பெல்லர் என்றால் வலப்பக்கம் நல்லது, அங்கே அலகு கீழ்நோக்கி இறங்குவதால். துளையைச் சுற்றிச் சாதாரண சிலிகன் பூசாமல் வள்ளங்களுக்கான சீலன்ட் பூசுங்கள். வள்ளத்தைத் தண்ணீரில் விட்டவுடன் உள்ளே போய் விரலால் தடவிப் பாருங்கள், மறுநாளும் பாருங்கள்.

பிறகு கருவியின் அமைப்பை நன்னீர் என்று மாற்ற மறக்காதீர்கள். கடல்நீர் என்றே விட்டுவிட்டால் 40 மீற்றரை 41 என்று சொல்லும். வில்லை நீர்மட்டத்துக்குக் கீழே எவ்வளவு இறங்கி இருக்கிறதோ அதையும் கூட்ட வேண்டும். சரியா என்று பார்க்க, அளவு குறித்த கயிற்றில் ஓர் இரும்புத் தட்டைக் கட்டி டிரான்ஸ்டியூசருக்கு நேர்கீழே ஐந்து, பத்து மீற்றருக்கு இறக்கிப் பாருங்கள். ஆழம் அளக்கும் அளவையாளர்கள் செய்வதும் இதைத்தான். ஆழத்தை எழுதும்போது அன்றைய நீர்மட்டத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். நிரம்பிய மட்டம் கடலுக்கு மேல் 438 மீற்றர். மின்சாரத்துக்குத் தண்ணீர் விட விட அது இறங்கும், மழைக்கு ஏறும். நிரம்பிய காலத்தில் 20 மீற்றர் என்று குறித்த சுவர் வரட்சியில் புரொப்பெல்லரைத் தொட்டாலும் தொடும். வயர் நீளமாக இருக்கிறதே என்று வெட்டிவிடாதீர்கள். சுருட்டி ஓரமாகக் கட்டுங்கள், மோட்டாரின் மின் வயர்களிலிருந்து தள்ளி.