பழைய வீடியோ கசற்றுகளைக் கணினியில் ஏற்ற எந்தக் கருவி உதவும்?

இடம்பெயர்ந்த குடும்பங்களின் ட்ரங்குப் பெட்டிகளில் காணி உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரம், குடும்ப அட்டை ஆகியவற்றோடு ஒன்றிரண்டு வீடியோ கசற்றுகளும் இருப்பதை நாம் கண்டிருக்கிறோம். 1990இலும் 1995 ஒக்டோபரிலும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டவர்களில் பலர் மகளின் கலியாணக் கசற்றை விட்டுவிட்டு வரவில்லை. அதில் மணமக்கள் மட்டுமா இருக்கிறார்கள்? பந்தலுக்குப் பின்னால் கிணறும் துலாவும் வேலியோரத்துப் பனைகளும் வெங்காயப் பாத்திகளும் தெரியும். இன்று உயிரோடு இல்லாத அம்மம்மாவும் சித்தப்பாவும் நடமாடுவார்கள். சில குடும்பங்களிடம் பழைய வளவைக் காட்டும் படம் வேறு எதுவுமே இல்லை.

மின்சாரமில்லாத நாட்களில் ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்தோம். இன்று மின்சாரம் இருக்கிறது, டெக்கைத்தான் காணவில்லை. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் தன் உற்பத்தியை நிறுத்தியதோடு உலகில் புதிய வி.எச்.எஸ். டெக் செய்வார் இல்லாமற் போயினர். நாடாவின் காந்தப் பதிவும் ஆண்டுதோறும் மங்குகிறது. ஆகவே கசற்றில் உள்ளதைக் கணினிக்கு மாற்றும் வேலையைத் தள்ளிப்போட முடியாது.

இதற்கு மூன்று பொருட்கள் வேண்டும்: ஓடக்கூடிய டெக், கணினி, இரண்டுக்கும் நடுவே நிற்கும் பதிவுக் கருவி. கணினி பழையதாக இருக்கலாம். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிவடைந்ததால் பல பழைய கணினிகளில் இப்போது லினக்ஸ் போடப்படுகிறது. அது இலவசம், பழைய இயந்திரத்திலும் ஓடும். எமது நிலையத்தின் மடிக்கணினியிலும் லினக்ஸ்தான். சிக்கல் வருவது நடுவே நிற்கும் அந்தச் சிறிய கருவியால்.

எமக்கு நடந்ததைச் சொல்கிறோம். பட்டணத்துக் கடையொன்றில் விரல் நீளமுள்ள கறுப்பு யூ.எஸ்.பி. கருவியொன்றை வாங்கினோம். ஒரு முனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் இருந்தன. பெட்டிக்குள் ஒரு குறுந்தட்டும் இருந்தது. “இது எல்லாக் கொம்பியூட்டருக்கும் வேலை செய்யும், ஐயா” என்றார் கடைக்காரத் தம்பி. நிலையத்திற்கு வந்து செருகினால் படமும் இல்லை, சத்தமும் இல்லை. திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. பின்னர் ஒரு நண்பர் தம்மிடமிருந்த கருவியைத் தந்தார். அதே நிறம், அதே வடிவம், மேலே அதே பெயர். அது செருகிய உடனேயே வேலை செய்தது!

காரணம் உள்ளே இருக்கும் சிப். ‘ஈஸிகப்’ என்ற பெயரில் விற்கப்படும் கருவிகள் ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்டவை அல்ல. வெளிக்கூடு ஒன்றாக இருக்க, உள்ளே குறைந்தது நான்கு வகைச் சிப்புகள் வருகின்றன. ஒவ்வொரு சிப்புக்கும் ‘டிரைவர்’ எனப்படும் தனி இயக்கி வேண்டும். விண்டோஸில் அதைக் குறுந்தட்டிலிருந்து ஏற்றுவார்கள். லினக்ஸில் அந்தத் தட்டுக்கு வேலையே இல்லை. இயக்கி லினக்ஸின் கேர்னலுக்குள் ஏற்கெனவே இருந்தால் கருவி செருகிய உடன் வேலை செய்யும். இல்லாவிட்டால் சாதாரணமாகப் பாவிப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே பெட்டியில் உள்ள பெயரையோ விலையையோ பார்த்து வாங்கவேண்டாம்.

லினக்ஸ் உள்ள மடிக்கணினியைக் கையோடு கடைக்குக் கொண்டு செல்லுங்கள். காசு கொடுக்குமுன் கருவியைச் செருகி, கட்டளைத் திரையைத் திறந்து, எல், எஸ், யூ, எஸ், பி என்ற ஐந்து ஆங்கில எழுத்துக்களையும் சிறிய எழுத்தில் இடைவெளி விடாமல் அடியுங்கள். செருகியுள்ள கருவிகளின் பட்டியல் வரும். ஒவ்வொரு வரியிலும் நடுவில் முக்காற் புள்ளியிட்ட ஓர் அடையாள எண் இருக்கும் (இடையில் வருபவை ஆங்கில எழுத்துக்கள்). அந்த எண் பொய் சொல்லாது.

05இ1:0408 என்றிருந்தால் உள்ளே இருப்பது எஸ்.ரி.கே. 1160 என்ற சிப். 1பி71:3002 என்றிருந்தால் யூ.எஸ்.பி.ரி.வி. 007. இரண்டுக்கும் கேர்னலில் இயக்கி உண்டு. எண் இபி1ஏ என்று தொடங்கினால் அது எம்பியா நிறுவனத்தின் சிப். பெரும்பாலானவை வேலை செய்யும், ஆனாலும் படம் வருகிறதா என்று பார்த்தே வாங்குங்கள். 1சி88 என்று தொடங்கினால் வாங்கவேண்டாம். அது சோமாஜிக் சிப். அதன் இயக்கி கேர்னலில் சேர்க்கப்படவில்லை; வேலை செய்விக்க விண்டோஸ் தட்டிலிருந்து ஒரு கோப்பைப் பிரித்தெடுத்து ஏற்றவேண்டும். எம்மை ஏமாற்றியது இதுவே.

இன்னொரு வகையும் உண்டு. கணினிக் கமராக்களுக்கென ‘யூ.வீ.சி.’ என்ற பொதுத் தரம் ஒன்று இருக்கிறது. அதற்கான இயக்கி 2008 முதல் லினக்ஸில் உள்ளது. பதிவுக் கருவியின் பெட்டியில் ‘யூ.வீ.சி.’ என்றோ ‘டிரைவர் தேவையில்லை’ என்றோ எழுதியிருந்தால் நம்பிச் சோதித்துப் பார்க்கலாம். எச்.டி.எம்.ஐ. துளையுள்ள மலிவான பதிவுக் கருவிகளில் அநேகமானவை இவ்வகையே. ஆனால் பழைய டெக்கில் எச்.டி.எம்.ஐ. கிடையாது. நடுவே இன்னொரு மாற்றுப் பெட்டி வைக்கவேண்டும், அது பெரும்பாலும் சதுரப் படத்தைப் பக்கவாட்டில் இழுத்து முகங்களை அகலமாக்கிவிடும். வேறு வழி இல்லாதபோது மட்டும் இதை நாடலாம் என்பது எமது கருத்து.

எண் சரியென்றால் வி.எல்.சி. நிரலைத் திறந்து, பதிவுக் கருவியைத் தெரிவுசெய்து, டெக்கிலிருந்து படம் வருகிறதா என்று பாருங்கள். கடையில் டெக் இல்லாவிட்டால் மஞ்சள் வயர் உள்ள டி.வி.டி. பிளேயர் போதும். கறுப்புத் திரை மட்டும் தெரிந்தால் உள்ளீட்டை ‘கொம்போசிற்’ என மாற்றுங்கள்.

சத்தத்தை மறக்கவேண்டாம். மஞ்சள் வயரில் வருவது படம் மாத்திரமே. சத்தம் வெள்ளையிலும் சிவப்பிலும் வரும். பழைய டெக்குகள் சிலவற்றில் வெள்ளை மட்டும் இருக்கும். லினக்ஸ் சத்தத்தைத் தனிக் கருவியாகவே காட்டும், ஆகவே அதைத் தனியே தெரிவுசெய்யவேண்டும். கருவியின் சத்தம் வராவிட்டால், மேசைக் கணினியின் நீலநிறத் துளைக்குள் டெக்கின் சத்தத்தை நேரே கொடுக்கலாம்.

வெளிநாட்டு உறவினர் அனுப்பிய கசற்றுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கையில் பாவிக்கப்பட்ட தரம் ‘பால்’. அதில் படத்துக்கு 576 வரிகள், நொடிக்கு 25 படங்கள். கனடாவில் எடுக்கப்பட்டது ‘என்.ரி.எஸ்.சி.’, 480 வரிகள், நொடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். தரத்தைத் தவறாகத் தெரிவுசெய்தால் படம் உருளும் அல்லது நிறமின்றி வரும். கசற் பழுதாகிவிட்டது என்று எண்ணி எறிந்துவிடாதீர்கள். நிரலில் தரத்தை மாற்றிப் பாருங்கள். கனடாக் கசற்றுக்கு இரண்டு தரங்களையும் ஓட்டும் டெக்கும் வேண்டும்.

கசற்றை டெக்கினுள் போடுமுன் கண்ணாடிப் பக்கத்தால் நாடாவைப் பாருங்கள். வெண்தூள் படிந்திருந்தால் அது பூஞ்சணம். அதைப் போட்டால் டெக்கின் தலையும் கெடும், அடுத்துப் போடும் கசற்றுகளிலும் தொற்றும். அதனைத் துப்புரவாக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கசற்றின் முதுகில் உள்ள சிறிய பிளாஸ்ரிக் தட்டை உடைத்துவிட்டால் தவறுதலாக மேலே பதிய முடியாது.

பதிவதற்கு ஓ.பி.எஸ். ஸ்ரூடியோ என்ற இலவச நிரல் போதும். கருவியை யூ.எஸ்.பி. பிரிப்பானில் அல்லாமல் கணினியில் நேரே செருகுங்கள். எஸ்.ரி.கே. போன்ற சிப்புகள் சுருக்காத படத்தையே அனுப்புகின்றன. நொடிக்கு ஏறத்தாழ 20 மெகாபைற், அப்படியே சேமித்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 75 கிகாபைற் வரை போகும். நிரலில் எச். 264 என்ற சுருக்கத்தைத் தெரிந்தால் அதே ஒரு மணித்தியாலம் ஏறத்தாழ 2 கிகாபைற்றில் அடங்கும். மூன்று மணித்தியாலக் கசற்றைப் பதிய மூன்று மணித்தியாலமே ஆகும், விரைவுபடுத்த வழி இல்லை. பாதியில் மின்சாரம் நின்றால் எல்லாம் போகாதபடி, ஓ.பி.எஸ்.ஸில் கோப்பு வகையை ‘எம்.கே.வி.’ என்று வையுங்கள்.

பதியும் அந்த மூன்று மணித்தியாலமும் கணினியின் முன் ஆச்சியையோ அப்புவையோ இருத்திக்கொள்ளுங்கள். பந்தலில் நிற்பவர் யார், அந்த வேலிக்கு அப்பால் யாருடைய காணி என்று அவர்கள் சொல்லச் சொல்ல, படத்தின் நேரத்தைக் குறித்து ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். அதையும் படம் பிடித்துக் கோப்போடு சேர்த்து, ஒரு பிரதியை வீட்டிலும் மற்றதை வேறு ஊரில் உள்ள உறவினரிடமும் வையுங்கள்.